இருமப் படங்களில் பகுதிகளைப் பிரித்தலும் அளத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணோக்கிப் படங்களில் உள்ள செல்களையும், தூள்களின் துகள்களையும், உலோகத்தில் உள்ள நுண்துளைகளையும் கணினியால் எண்ணி அளக்கத் தொடங்குபவர்கள், துறை எதுவாக இருந்தாலும், ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். பல ஆண்டுகளாக அவற்றுக்கு நேரில் விடை சொல்லி வந்ததன் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். மென்பொருளின் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைவிட, அழுத்தியபின் வரும் எண் எந்தெந்த முடிவுகளின் மேல் நிற்கிறது என்பதே இங்கே முக்கியம்.

என் படம் கருப்பு வெள்ளையாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் அது ஏற்கெனவே இருமப் படம்தானே?

பெரும்பாலும் இல்லை. பேச்சு வழக்கில் கருப்பு வெள்ளை என்று சொல்லும் படம் உண்மையில் சாம்பல் நிறப் படம். 8 பிட் கோப்பாக இருந்தால் அதில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையிலான 256 மதிப்புகளில் ஒன்றைப் பெறலாம். இருமப் படத்தில் இரண்டே மதிப்புகள் உண்டு: இந்தப் பிக்சல் பொருளுக்கு உரியது, அல்லது பின்புலத்துக்கு உரியது. படத்தின் மதிப்புப் பரவலை, அதாவது ஒவ்வொரு மதிப்பும் எத்தனை பிக்சல்களுக்கு உண்டு என்று காட்டும் தூண் படத்தை, வரைந்து பாருங்கள். சரியாக இரண்டு தூண்கள் மட்டும் நின்றால் அது இருமப் படம். இடையில் ஒரு சிறு தூண் இருந்தாலும் அல்ல.

அந்த இரண்டு மதிப்புகள் சில மென்பொருள்களில் 0, 1 என்றும், வேறு சிலவற்றில் 0, 255 என்றும் சேமிக்கப்படுகின்றன. பிக்சல்களைக் கூட்டிப் பரப்பளவு காண்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் விடை 255 மடங்காக வந்து நிற்கும்.

பொருள்களெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் மென்பொருள் பின்புலத்தை ஒரே பெரிய பொருளாக எண்ணிவிடுகிறது. ஏன்?

எது பொருள், எது பின்புலம் என்பதில் நீங்களும் மென்பொருளும் எதிரெதிராக நிற்கிறீர்கள். மேட்லேப் மென்பொருளும் பைத்தான் நிரல்மொழியின் ஸ்கிகிட்-இமேஜ் நூலகமும் பூச்சியம் அல்லாததையே பொருளாகக் கொள்கின்றன. இமேஜ்ஜே மென்பொருளில் இன்னொரு சிக்கலும் உண்டு: திரையில் காட்டும் வண்ண அட்டவணை தலைகீழாக இருந்தால், 255 என்னும் மதிப்பு கருப்பாகத் தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்பாமல், சுட்டியைப் பொருளின் மேல் வைத்துப் பிக்சலின் மதிப்பைப் படியுங்கள். தேவையானால் படத்தை ஒருமுறை எதிர்மாற்றம் செய்தால், அதாவது இரு மதிப்புகளையும் இடம் மாற்றினால், போதும்.

நேற்று சேமித்த இருமப் படத்தை இன்று திறந்தால் பொருள்களின் எண்ணிக்கை பல மடங்காகியிருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

ஜேபெக் வடிவத்தில் சேமித்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. ஒளிப்படத்துக்கு அது பொருத்தமானது. கூர்மையான விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லாத இருமப் படத்துக்கு அது கேடு. விளிம்புகளைச் சுற்றி 3, 7, 250 போன்ற மதிப்புகள் சிதறி விழுகின்றன. பூச்சியம் அல்லாதவை எல்லாம் பொருள் என்று கொள்ளும் மென்பொருளுக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு துகள். இந்தத் தவற்றை நானும் செய்து, ஒரு வார வேலையை மறுபடி செய்திருக்கிறேன்.

டிஃப், பிஎன்ஜி ஆகிய வடிவங்களில் சேமித்தால் இழப்பு இல்லை. டிஃப் வடிவத்தில் மட்டும் இழப்புள்ள சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க வேண்டும். இருமப் படத்தின் அளவை மாற்றும்போதும் இதே இடர் உண்டு. இடைமதிப்புகளைக் கணித்து நிரப்பும் முறையைத் தவிர்த்து, மிக அருகில் உள்ள பிக்சலின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

வரம்பு மதிப்பை நானே கண்ணால் பார்த்து வைக்கலாமா, அல்லது தானியங்கி முறைக்கு விட்டுவிட வேண்டுமா?

சாம்பல் படத்தை இருமமாக்கும் எல்லைக்கோடுதான் த்ரெஷோல்ட் எனப்படும் வரம்பு மதிப்பு. 1979-இல் நொபுயுகி ஒட்சு வெளியிட்ட முறையே இன்றும் மிகப் பரவலாகப் பயன்படுகிறது: பிக்சல்களை இரண்டு குழுக்களாகப் பிரிக்கும் எல்லா வரம்புகளையும் சோதித்து, இரு குழுக்களுக்கும் இடையிலான மாறுபாடு எந்த வரம்பில் மிகுதியாக இருக்கிறதோ அதை அது தேர்ந்தெடுக்கிறது. மதிப்புப் பரவலில் இரண்டு தெளிவான குன்றுகள் இருந்து, அவை ஓரளவு ஒத்த அளவிலும் இருந்தால் ஒட்சு முறை நன்றாகவே வேலை செய்யும். பொருள்கள் படத்தில் மிகச் சிறு பங்கையே பிடித்திருந்தால், எல்லை பின்புலக் குன்றின் நடுவிலேயே விழுந்து, இரைச்சலெல்லாம் பொருளாகிவிடக்கூடும். ஒரு மூலை வெளிச்சமாகவும் மறுமூலை மங்கலாகவும் உள்ள படத்துக்கு, படம் முழுமைக்கும் ஒரே எண் என்பதே பொருந்தாது. பின்புலத்தைக் கழித்துவிட்டு வரம்பு வையுங்கள், அல்லது ஒவ்வோர் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்தைக் கொண்டு வரம்பு கணிக்கும் முறையை நாடுங்கள்.

கண்ணால் வைப்பதை நான் குறை சொல்வது துல்லியம் குறைவு என்பதற்காக அல்ல. எந்தப் படம் மருந்து கொடுத்த மாதிரியினுடையது, எந்தப் படம் கொடுக்காததனுடையது என்று அறிந்தவரின் கை, அவர் அறியாமலேயே ஒரு பக்கம் சாய்கிறது என்பதே என் அச்சம். தானியங்கி முறை எதுவுமே பொருந்தாமல் கண்ணால்தான் வைக்க வேண்டுமென்றால், படங்களின் பெயர்களை மறைத்து, வரிசையைக் கலைத்துவிட்டு வையுங்கள்.

வரம்பு நாலைந்து எண்கள் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது?

அது பொருளின் அளவைப் பொறுத்தது. வரம்பு சற்றே தளர்ந்ததால் ஒரு வட்டப் பொருளின் விளிம்பு எல்லாப் பக்கமும் அரைப் பிக்சல் வெளியே நகர்ந்தது என்று கொள்வோம். ஆரம் 50 பிக்சலாக இருந்தால் பரப்பளவு ஏறத்தாழ 2 சதவீதம் கூடும்; ஆரம் 10 பிக்சலானால் 10 சதவீதம்; ஆரம் 5 பிக்சலானால் 21 சதவீதம். அரைப் பிக்சல் என்பது கண்ணுக்கே தெரியாத நகர்வு என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே இறுதி அளவீட்டுக்கு முன், வரம்பைச் சற்று ஏற்றியும் இறக்கியும் சராசரிப் பரப்பளவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். நீங்கள் காட்ட விரும்பும் வேறுபாடு 8 சதவீதமாகவும், வரம்பின் ஆட்டத்தால் வரும் வேறுபாடு 12 சதவீதமாகவும் இருந்தால், கூடுதல் உருப்பெருக்கத்தில் படமெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பொருள்-பிக்சல்களின் ஒவ்வொரு கூட்டமும் ஒரு பகுதி. அவ்வளவே கணினிக்குத் தெரிந்த இலக்கணம். ரோசன்ஃபெல்ட், ஃபால்ட்ஸ் இருவரும் 1966-இல் விளக்கிய, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாள எண் இடும் இருசுற்று முறையே இதற்கு அடிப்படை. முதல் சுற்றில் படத்தை வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டு போய், மேற்புறமும் இடப்புறமும் உள்ள பிக்சல்களைப் பார்த்து, ஏற்கெனவே இட்ட எண்ணைத் தொடர்வதா, புதிய எண் இடுவதா என்று முடிவு செய்கிறது. ‘ப’ எழுத்தின் வடிவில் ஒரு பொருள் இருந்தால், அதன் இரு கைகளும் முதலில் வேறு வேறு எண்களைப் பெற்றுக்கொண்டே இறங்கும். அடிக்கோட்டில் இரண்டும் சந்திக்கும்போது இவ்விரு எண்களும் ஒன்றே என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் அந்தக் குறிப்புகளைக் கொண்டு எண்கள் ஒருமைப்படுத்தப்படும்.

இப்படி எண்ணிட்ட படத்தை 8 பிட் கோப்பாகச் சேமித்தால் 255 பொருள்களுக்கு மேல் இடமில்லை. 16 பிட் கோப்பில் 65,535 வரை இடமுண்டு. எண்ணிக்கை எப்போதும் 255-லேயே நின்றுவிடுகிறது என்று வியந்தவர்கள் உண்டு, காரணம் இதுதான்.

4 அண்டையா, 8 அண்டையா என்று கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானே?

இல்லை. மேல், கீழ், இடம், வலம் ஆகியவற்றை மட்டும் தொடுதலாகக் கொள்வது 4 அண்டை; மூலைகள் தொடுவதையும் சேர்த்துக்கொள்வது 8 அண்டை. ஒரு பிக்சல் தடிமனில் சரியாகச் சாய்வாக ஓடும் 10 பிக்சல் கோடு, 8 அண்டை விதியில் ஒரே பொருள். 4 அண்டை விதியில் 10 பொருள்கள். நுண்ணிய இழைகளை அளப்பவர்களுக்கு 8 அண்டையே ஏற்றது. நெருங்கிக் கிடக்கும் துகள்கள் மூலையில் தொட்டதற்காகவே ஒன்றாகிவிடக் கூடாது என்பவர்கள் 4 அண்டையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பொருளுக்கு 8 அண்டை என்றால் பின்புலத்துக்கு 4 அண்டை. பொருளுக்கு 4 என்றால் பின்புலத்துக்கு 8. மூலைகளால் மட்டும் கோத்த ஒரு வளையத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 8 அண்டை என்று வைத்தால், வளையமும் அறுபடாமல் இருக்கும், அதன் உள்ளிடமும் மூலை இடுக்குகள் வழியே வெளியோடு சேர்ந்திருக்கும்; இது முரண். துளைகளை எண்ணும்போது இந்த முரண் தவறான எண்ணாக வெளிப்படும்.

ஒரே படத்துக்கு இரண்டு பேர் இரண்டு எண்ணிக்கை பெறுவதன் மிகப் பொதுவான காரணமும் இதுவே. மேட்லேபின் எண்ணிடும் கட்டளை, ஓப்பன்சிவி, ஸ்கிகிட்-இமேஜ் ஆகியவை, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், 8 அண்டையை எடுத்துக்கொள்கின்றன. சைபை நூலகத்தின் படப் பிரிவோ 4 அண்டையை எடுத்துக்கொள்கிறது. நூலகத்தை மாற்றும்போது இந்த அமைப்பை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

ஓரிரு பிக்சல் அளவில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வருகின்றன. திறப்பு முறையால் அவற்றை நீக்கிவிடலாமா?

நீக்கலாம், ஆனால் விலை உண்டு. முதலில் பொருளின் விளிம்பை அரித்து, பின் அதே அளவு விரிப்பது திறப்பு. முதலில் விரித்துப் பின் அரிப்பது மூடல். ஜார்ஜ் மாத்தரோனும் ழான் செர்ராவும் 1964-இல், பிரான்சில், இரும்புத் தாதுவின் நுண்ணமைப்பை ஆராயும் வேலையிலிருந்து உருவாக்கிய உருவக் கணிதத்தின் அடிப்படைச் செயல்கள் இவை. திறப்பு சிறு புள்ளிகளை மட்டும் நீக்குவதில்லை; நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் பெரிய பொருள்களின் கூர் முனைகளையும் மழுக்குகிறது, மெல்லிய இணைப்புகளையும் அறுக்கிறது. அதன்பின் வடிவத்தை அளந்தால், பொருளின் வடிவத்தோடு, அரிக்கவும் விரிக்கவும் நீங்கள் பயன்படுத்திய சிறு அச்சின் வடிவத்தையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

புள்ளிகளை நீக்குவது மட்டுமே நோக்கமென்றால், எண்ணிட்ட பிறகு ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்குக் கீழே உள்ள பகுதிகளை மொத்தமாக விட்டுவிடுங்கள். மற்றவற்றின் ஒரு பிக்சல்கூட மாறாது. அந்தக் கீழெல்லையை நுண்ணோக்கியின் பிரிதிறனைக் கொண்டு, அதாவது அது எவ்வளவு நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பதைக் கொண்டு, முடிவு செய்ய வேண்டும். வரைபடம் அழகாக வரும் இடத்தில் எல்லையை வைப்பது அளவீட்டையே வளைப்பதாகும்.

பொருளுக்கு உள்ளே இருக்கும் ஓட்டைகளை நிரப்ப வேண்டுமா?

ஓட்டை எதனால் வந்தது என்று கேளுங்கள். செல்லின் நடுப்பகுதி மங்கலாக இருந்ததால் வரம்பு அதை விட்டுவிட்டது என்றால் நிரப்புவது சரி. நுரையின் குமிழி, எலும்பின் இடைவெளி, வார்ப்பின் துளை என்றால் அந்த ஓட்டையே உங்கள் தரவு. படத்தின் ஓரத்தில் திறந்து நிற்கும் ஓட்டையை நிரப்பும் கட்டளை பின்புலமாகவே எண்ணி விட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு மூன்று துகள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக எண்ணப்படுகின்றன. நீர்ப்பிரிமுகடு முறையைப் போட்டால் ஒவ்வொரு துகளும் நான்காக உடைகிறது. நடுவழி இல்லையா?

நடுவழி உண்டு, ஆனால் முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அது தென்படும். பொருளின் ஒவ்வொரு பிக்சலுக்கும், பின்புலம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று முதலில் கணக்கிடப்படுகிறது. உருண்டையான துகளின் நடுவில் இந்தத் தொலைவு உச்சம் பெறும். இரு துகள்கள் ஒட்டிய இடுப்பில் அது தாழும். இந்தப் பரப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உச்சங்கள் பள்ளங்களாகும். ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் நீர் ஏறி வரும்போது இரு நீர்கள் சந்திக்கும் வரப்பே பிரிகோடு. பூஷேயும் லாந்த்வெழோலும் 1979-இல் முன்வைத்த கருத்து இது.

துகளின் விளிம்பு கரடுமுரடாக இருந்தால் தொலைவுப் பரப்பில் ஒரே துகளுக்குள் பல சிறு உச்சங்கள் எழும். ஒவ்வோர் உச்சமும் ஒரு தனிப் பள்ளமாகி, துகள் நான்காக உடைகிறது. மருந்து, தொலைவுப் பரப்பைச் சற்று மென்மையாக்குவது, அல்லது சுற்றுப்புறத்தைவிடக் குறிப்பிட்ட உயரமாவது மேலெழாத உச்சங்களைத் தள்ளிவிடுவது. அந்த உயரத்தை 1 பிக்சலிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலான துகள்களுக்கு ஏதோ ஒரு மதிப்பில் உடைதல் நின்று, பிரிதல் மட்டும் மிஞ்சும். நீண்ட கம்பி வடிவப் பொருள்களுக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இழைகளுக்கு அறவே பொருந்தாது. அங்கே எது எதன் மேல் கிடக்கிறது என்ற செய்தி இருமப் படத்தில் இல்லவே இல்லை. மாதிரியை இன்னும் நன்றாகப் பரப்பிப் படமெடுப்பது, எந்தக் கணிப்பு முறையையும்விட நல்ல விடை தரும்.

பிரித்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. இமேஜ்ஜே பிரிகோட்டை ஒரு பிக்சல் அகலத்தில் வெட்டி எடுக்கிறது. ஆகவே துகள்கள் சற்றுப் பரப்பை இழக்கின்றன. ஸ்கிகிட்-இமேஜ் கோடு வெட்டாமல், அடுத்தடுத்த பிக்சல்களுக்கு வேறு வேறு எண்களைத் தருகிறது. அந்தப் படத்தை மீண்டும் இருமமாக்கி மீண்டும் எண்ணிட்டால், பிரித்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எண்ணிட்ட படத்தையே நேராக அளவீட்டுக்குக் கொடுங்கள்.

பரப்பளவு பிக்சலில் வருகிறது. மைக்ரோமீட்டருக்கு எப்படி மாற்றுவது?

ஒரு பிக்சலின் பக்கம் 0.5 மைக்ரோமீட்டர் என்றால் ஒரு பிக்சலின் பரப்பு 0.25 சதுர மைக்ரோமீட்டர். 0.5-ஆல் பெருக்கிவிட்டு நிற்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்திருந்தால் பிக்சலின் பக்கம் இரட்டிப்பாகிவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். படத்தின் மூலையில் பதித்திருக்கும் அளவுக்கோடும் எழுத்துகளும் வரம்பைத் தாண்டி வந்து பொருள்களாக எண்ணப்படும். அவற்றை வெட்டிவிட்டே தொடங்க வேண்டும்.

சுற்றளவு மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறாக வருகிறது. எது உண்மை?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விடை இது. பரப்பளவு என்பது எண்ணிக்கை. பிரிதிறன் கூடக்கூட அது உண்மை மதிப்பை நெருங்கும். சுற்றளவுக்கு அந்த உறுதி கிடையாது. பிக்சல்களின் வெளி விளிம்புகளை அப்படியே கூட்டினால், வட்டத்தைச் சுற்றி ஏணிப்படிபோல் ஏறி இறங்கும் பாதையின் நீளமே கிடைக்கும். அந்தப் பாதை ஆரத்தின் 8 மடங்கு. உண்மைச் சுற்றளவோ ஆரத்தின் 6.28 மடங்கு. ஆக 27 சதவீதம் கூடுதல். பிக்சலை எவ்வளவு நுண்ணியதாக்கினாலும் படிகள் சிறிதாகுமே தவிர, 27 சதவீதம் குறையாது.

1961-இல் ஃப்ரீமன் அறிமுகப்படுத்திய சங்கிலிக் குறியீடு, விளிம்புப் பிக்சல்களின் மையங்களை இணைத்துக்கொண்டு போகிறது: நேர் அடிக்கு 1, சாய்வு அடிக்கு 1.414. இதிலும், எல்லாத் திசைகளுக்கும் சராசரியாக, 5.5 சதவீதம் கூடுதல் வருகிறது. அதனால் சிலர் நேர் அடிக்கு 0.948, சாய்வு அடிக்கு 1.340 என்று எடையைத் திருத்திக்கொள்கிறார்கள். இன்னொரு வழி கிராஃப்டன் வாய்பாடு. பல திசைகளில் இணைகோடுகளை ஓட்டி, அவை விளிம்பை எத்தனை முறை வெட்டுகின்றன என்று எண்ணிச் சுற்றளவை மதிப்பிடுவது அது. மென்மையான விளிம்புள்ள பொருள்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன். ஸ்கிகிட்-இமேஜில் தனி அளவாகவே கிடைக்கிறது.

எதைப் பயன்படுத்தினாலும் எல்லா மாதிரிகளுக்கும் அதையே பயன்படுத்துங்கள். வேறொருவர் வேறு மென்பொருளில் பெற்ற சுற்றளவோடு உங்கள் சுற்றளவை நேராக ஒப்பிடாதீர்கள். உண்மையிலேயே கரடுமுரடான விளிம்பாக இருந்தால், உருப்பெருக்கம் கூடக்கூடப் புதுப்புது மேடுபள்ளங்கள் தெரிந்து சுற்றளவு வளர்ந்துகொண்டே போகும். அங்கே உருப்பெருக்கத்தையும் சேர்த்துச் சொல்லாத சுற்றளவுக்குப் பொருளே இல்லை.

வட்டத்தன்மை 1-ஐத் தாண்டக் கூடாதே? எனக்கு 1.7 வருகிறது.

பரப்பளவை 4 பை மடங்காக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது வட்டத்தன்மை. முழு வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. மேலே சொன்ன சங்கிலிக் குறியீடு பிக்சல்களின் மையம் வழியே ஓடுவதால், சிறு பொருளின் சுற்றளவைக் குறைத்துக் காட்டுகிறது. பரப்பளவோ முழுப் பிக்சல்களையும் எண்ணுகிறது. 3×3 பிக்சல் சதுரத்துக்குப் பரப்பளவு 9, மையம் வழிச் சுற்றளவு 8, வட்டத்தன்மை 1.77. உங்கள் 1.7 அநேகமாக இத்தகைய சிறு புள்ளியிலிருந்து வந்திருக்கும். 1-க்கு மேல் வருவதை 1 என்றே வெட்டிக் காட்டும் மென்பொருள்களும் உண்டு. அங்கே பிழை இருந்தும் கண்ணில் படாது. சில பத்துப் பிக்சல்களே கொண்ட பொருள்களுக்கு வடிவ அளவுகளை அறிக்கையிடாமல் விடுவதே நேர்மை.

நீளத்துக்கு ஃபெரே விட்டம், நீள்வட்டத்தின் பெரிய அச்சு என்று இரண்டு எண்கள் தருகிறது. எதை எடுப்பது?

ஃபெரே விட்டம் என்பது பொருளை இரண்டு இணையான தாடைகளுக்கு இடையே பிடித்து அளப்பது போன்றது. பெரிய அச்சு என்பது, பொருளின் பிக்சல் பரவலுக்கு ஒத்த பரவல் கொண்ட ஒரு நீள்வட்டத்தின் நீளம். 100×10 பிக்சல் செவ்வகத்துக்கு மிகப் பெரிய ஃபெரே விட்டம் 100.5, மேட்லேபும் ஸ்கிகிட்-இமேஜும் தரும் பெரிய அச்சோ ஏறத்தாழ 115. பிழை ஒன்றும் இல்லை. செவ்வகம் நீள்வட்டம் அல்ல, அவ்வளவுதான். கம்பிகளுக்கு ஃபெரே, முட்டை வடிவச் செல்களுக்கு நீள்வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வளைந்த இழைகளுக்கு இரண்டும் உதவா. பொருளை ஒரு பிக்சல் தடிமனுள்ள எலும்புக்கூடாக மெலிவித்து அதன் நீளத்தை அளக்க வேண்டும்.

ஓரத்தில் வெட்டுப்பட்ட பொருள்களை நீக்கிவிட்டேன். இப்போது சராசரி சரிதானே?

அரைகுறைப் பொருள்களை அளக்காமல் விட்டது சரி; சராசரி இன்னும் சரியாகவில்லை. பெரிய பொருள் ஓரத்தைத் தொடும் வாய்ப்பு சிறிய பொருளைவிட மிகுதி. ஆகவே ஓரத்தைத் தொடுபவற்றை நீக்கும்போது பெரியவற்றையே கூடுதலாக நீக்கிவிடுகிறீர்கள். 1000×1000 பிக்சல் படத்தில் 20×20 கட்டத்துக்குள் அடங்கும் துகள் முழுமையாக உள்ளே விழும் வாய்ப்பு 96 சதவீதம்; 300×300 கட்டம் தேவைப்படும் துகளுக்கு அது 49 சதவீதமே. திருத்தம் எளிது: ஒவ்வொரு துகளையும் இந்த வாய்ப்பின் தலைகீழால் எடையிட்டுச் சராசரி காணுங்கள். முதல் துகளுக்கு எடை 1.04, இரண்டாவதற்கு 2.04.

எண்ணிக்கை அடர்த்தி மட்டும் போதுமென்றால், குண்டர்சன் 1977-இல் தந்த எண்ணும் சட்டகம் இருக்கிறது. படத்துக்குள் ஒரு சட்டகம் வரைந்து, அதன் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களையும் அவற்றின் நீட்சிகளையும் தொடும் பொருள்களை விட்டுவிட்டு, மற்ற இரண்டு பக்கங்களைத் தொடுபவற்றைச் சேர்த்துக்கொள்வது அந்த முறை. பரப்பு விகிதம் காண்பதாக இருந்தால் எதையும் நீக்கக் கூடாது; ஓரத்தில் உள்ள அரைத் துகளும் பரப்பில் ஒரு பங்கே.

வெட்டுப் பரப்பின் படத்திலிருந்து துகளின் உண்மை விட்டத்தைச் சொல்லிவிடலாமா?

கன அளவின் விகிதத்தைச் சொல்லலாம். விட்டத்தை நேராகச் சொல்ல முடியாது. வெட்டுப் பரப்பில் ஒரு பொருள் பிடிக்கும் பரப்பு விகிதம், சராசரியில், அதன் கன அளவு விகிதத்துக்குச் சமம் என்று 1847-இல் டெலெஸ் காட்டினார். ஆனால் கோளங்களை வெட்டும் தளம் அவற்றின் நடுவழியே போவது அரிது. ஒரே அளவுள்ள கோளங்களின் வெட்டு விட்டங்களின் சராசரி, உண்மை விட்டத்தின் 0.785 பங்குதான். பல அளவுகள் கலந்திருந்தால் வெட்டு விட்டப் பரவலிலிருந்து உண்மைப் பரவலை மீட்பது தனிக் கணக்கு. 1925-இல் விக்செல் எழுப்பிய அந்தச் சிக்கல் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

500 துகள்கள் அளந்திருக்கிறேன். சராசரியும் திட்டவிலக்கமும் கொடுத்தால் போதாதா?

பரவலை முதலில் வரைந்து பாருங்கள். 10 பிக்சல் பரப்புள்ள 99 துகள்களும் 10,000 பிக்சல் பரப்புள்ள ஒன்றும் இருந்தால் சராசரி 110-க்கு அருகில் வரும். அந்த அளவில் ஒரு துகள்கூட இல்லை. இடைநிலை மதிப்பு 10 என்று சொல்லும். மொத்தப் பரப்பில் 91 சதவீதம் அந்த ஒற்றைத் துகளுக்கு உரியது என்பதை அதுவும் சொல்லாது. எண்ணிக்கையால் எடையிட்டதா, பரப்பால் எடையிட்டதா என்று ஒவ்வொரு சராசரிக்கும் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று: அந்த 500 துகள்களும் ஒரே மாதிரியின் இரண்டு படங்களிலிருந்து வந்தவை என்றால், புள்ளியியல் சோதனைக்கு உங்களிடம் இருப்பது ஒரு மாதிரியே. துகள்களை எண்ணி மாதிரிகள் என்று கொள்வதால், இல்லாத வேறுபாடுகள் உறுதியானவைபோல் தோன்றிவிடுகின்றன.

இப்போதெல்லாம் ஆழ்கற்றல் வலையமைப்புகளே பிரித்துத் தந்துவிடுகின்றன. இந்தக் கவலைகள் இன்னும் தேவையா?

பிரிக்கும் பகுதி மாறியிருக்கிறது. அளக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. 2015-இல் வந்த யு-நெட் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிகழ்தகவைத் தருகிறது. அதை இருமமாக்க ஒரு வரம்பு வேண்டும், ஒட்டியவற்றைப் பிரிக்க ஒரு வழி வேண்டும். 2018-இல் வந்த ஸ்டார்டிஸ்ட் ஒட்டிய செல் உட்கருக்களைத் தனித்தனியாகவே தருகிறது. ஆனால் ஒரு மையத்திலிருந்து பார்த்தால் விளிம்பு முழுவதும் தெரியும் வடிவங்களாகவே அவற்றை வரைகிறது. ஆழமாக மடிந்த வடிவங்களை அந்த முடிவிலிருந்து அளந்தால், அளப்பது முறையின் அனுமானத்தையே. சுற்றளவு, ஓரம், வெட்டுத்தளம், சராசரி பற்றி மேலே சொன்னவற்றில் எதுவும் மாறவில்லை.

பிரித்தது சரிதான் என்று எப்படி நம்புவது?

பிரித்த பகுதிகளின் விளிம்புகளை மூலச் சாம்பல் படத்தின் மேல் வரைந்து, குறைந்தது சில படங்களையாவது முழுமையாகக் கண்ணால் பாருங்கள். இதற்கு மாற்று எதையும் நான் கண்டதில்லை. மொத்தப் பரப்பளவு கையால் வரைந்ததோடு ஒத்துப்போவது சான்றாகாது. ஓரிடத்தில் மிகுந்ததும் மற்றோரிடத்தில் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடக்கூடும்.

எண்ணாகவும் வேண்டுமென்றால், கையால் வரைந்த பகுதியும் கணினி பிரித்த பகுதியும் பொதுவாகப் பிடிக்கும் பரப்பை, இரண்டும் சேர்ந்து பிடிக்கும் பரப்பால் வகுக்கலாம். இந்த எண்ணும் பொருளின் அளவைச் சார்ந்தது: 10×10 சதுரம் ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்ந்தால் 0.82, 100×100 சதுரம் அதே ஒரு பிக்சல் நகர்ந்தால் 0.98. எனவே சிறு பொருள்களுக்கு 0.8 என்பது தோல்வி அல்ல. அதே படங்களை இரண்டு பேர் தனித்தனியே வரைந்து, அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், கணினியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது தெரிந்துவிடும்.

கட்டுரையின் முறைப் பகுதியில் ‘இமேஜ்ஜே கொண்டு அளக்கப்பட்டது’ என்று எழுதினால் போதுமா?

அந்த ஒரு வரியைக் கொண்டு யாராலும் உங்கள் எண்ணைத் திரும்பப் பெற முடியாது. மென்பொருளின் பதிப்பு, பிக்சலின் பக்கம், வரம்பு முறையின் பெயர், பின்புலக் கழிப்பு இருந்தால் அதன் அளவு, 4 அண்டையா 8 அண்டையா, விட்டுவிட்ட கீழெல்லைப் பரப்பு, ஓட்டைகளை நிரப்பினீர்களா, ஒட்டியவற்றைப் பிரித்த முறையும் அதன் உச்ச உயரமும், ஓரப் பொருள்களை என்ன செய்தீர்கள், சுற்றளவை எந்த வரையறையில் எடுத்தீர்கள் ஆகிய அனைத்தும் வேண்டும். நான்கைந்து வாக்கியங்களில் அடங்கிவிடும். கையால் ஒவ்வொரு படத்துக்கும் செய்யாமல் மேக்ரோவாகவோ பைத்தான் நிரலாகவோ எழுதி வைத்திருந்தால், அந்தக் கோப்பையும், தொடாத மூலப் படங்களையும், எண்ணிட்ட படங்களையும் கட்டுரையோடு இணைத்துவிடுங்கள். கேள்வி கேட்பவருக்கு நீங்கள் நினைவிலிருந்து விடை தேட வேண்டியிராது.